ஊசி போகும் வழி

பூத்தையல் போட்ட சேலையை விற்பது வேறு. அந்தப் பூவை எப்படித் தைக்க வேண்டும் என்று இயந்திரத்துக்கு எழுதிக்கொடுத்து, அந்த எழுத்தை மட்டும் விற்பது வேறு. முன்னதை நம் பெண்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்து வருகிறார்கள். பின்னதை மயிலாடும்பாறையிலிருந்து நாங்கள் நால்வர் செய்யத் தொடங்கியபோது, "துணியும் இல்லை, நூலும் இல்லை, அப்படியானால் எதைத்தான் விற்கிறீர்கள்?" என்று கேட்காதவர்கள் இல்லை. பங்கில் கேட்டார்கள், பேருந்தில் கேட்டார்கள், வீட்டிலும் கேட்டார்கள். அந்தக் கேள்விக்குச் சற்று விரிவாக விடை சொல்லும் முயற்சியே இக்கட்டுரை. தையற்பொறியை நம்பிக் குடும்பம் நடத்தும் சகோதரிகள் பலர் இவ்விதழின் வாசகர்கள் ஆதலால், தொழிலின் நுட்பத்தையும் ஒளிக்காமல் எழுதுகிறோம்.

மயிலாடும்பாறை ஆண்டிபட்டி வட்டத்தில், வருசநாட்டுப் பள்ளத்தாக்கில், மூல வைகையை ஒட்டிய ஊர். தென்னையும் இலவமும் இம்மண்ணின் செல்வங்கள். இலவங்காய் முற்றும் பருவத்தில் பஞ்செடுக்கும் வேலை பெண்களுக்குக் கிடைக்கும். பருவம் கழிந்தால் கையில் வேலையிராது. அந்த நாட்களைத் தள்ளித் தருவது வீட்டுத் திண்ணையில் இருக்கும் தையற்பொறிதான். ரவிக்கை தைத்தால் இவ்வளவு, ஓரம் அடித்தால் இவ்வளவு, கழுத்தில் பூப்போட்டால் கொஞ்சம் கூடுதல் என்று கூலி. எத்தனை திறமைசாலியாக இருந்தாலும், அவளுடைய வருமானத்துக்கு எல்லை அவளுடைய கைதான். கை ஓய்ந்த நாளில் வருமானமும் ஓய்ந்துவிடும். காய்ச்சலில் படுத்த வாரத்துக்கு எவரும் கூலி தருவதில்லை.

எங்கள் தொழிலுக்கு முன்னோடி எது என்று தேடினால் தெற்கே குமரி மாவட்டத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. இலண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த சார்லஸ் மால்ட், அவர் துணைவியார் மார்த்தா மால்ட் இருவரும் 1819இல் நாகர்கோவிலுக்கு வந்தார்கள். மார்த்தா அம்மையார் அங்குள்ள பெண்பிள்ளைகளுக்கு எழுத்தோடு லேஸ் பின்னலையும் கற்றுக்கொடுத்தார். திருவிதாங்கூரில் அடிமைமுறை 1855இல்தான் முற்றிலும் ஒழிக்கப்பட்டது. அதற்கு முன்பே, லேஸ் பின்னிய கூலியைச் சேர்த்துத் தங்கள் விடுதலையைத் தாங்களே விலைகொடுத்து வாங்கிய பெண்கள் இருந்தார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். நம் திருச்சபையின் பங்கும் சிறிதன்று. பெல்ஜியம் நாட்டுத் துறவி அன்னை மரி லூயிஸ் தெ மேஸ்தர் 1897ஆம் ஆண்டு நவம்பரில் முளகுமூட்டுக்கு வந்து சேர்ந்தார். ஆதரவற்ற சிறுமியரை அணைத்துக்கொண்ட அந்த இல்லத்தில் லேஸும் பூத்தையலும் அவர்கள் பிழைப்புக்கு வழியாயின. மரியாவின் மாசற்ற இதயத்தின் பெயரால் இன்று பல நாடுகளில் பணியாற்றும் மறைபரப்புச் சகோதரிகள் சபைக்கு அதுவே தொட்டில்.

அந்த லேஸ் பின்னும் முறையை ஒருகணம் எண்ணிப் பாருங்கள். உருளைத் தலையணை ஒன்றின்மேல் கெட்டியான காகிதத்தைப் பொருத்துவார்கள். காகிதத்தில் ஊசித் துளைகளாகவே வரைவு இருக்கும். அத்துளைகளில் குண்டூசிகளை நட்டு, நூல் சுற்றிய சிறு கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டால் பூவும் கொடியும் உருவாகும். எந்தப் பூ பின்னப்படும் என்பதை முடிவு செய்வது அந்தத் துளையிட்ட காகிதம். பின்னிய பெண்ணுக்குப் பின்னலின் அளவுக்குக் கூலி கிடைத்தது. காகிதம் அவளுடையது அன்று. இதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்தக் கூலியால் உயிர் தழைத்தவர்கள் பலர். ஆயினும் இரு நூற்றாண்டுகள் கடந்த பின்னும் நம் பெண்கள் விரலுக்கு மட்டுமே கூலி வாங்குகிறார்கள் என்பது எங்களை உறுத்தியது. அந்தக் காகிதத்தை வரைபவளாக ஒருத்தி ஏன் ஆகக் கூடாது என்ற எண்ணமே எங்கள் தொடக்கம்.

இயந்திரத்தின் கதையும் ஏறத்தாழ இதுவே. பிரான்சு நாட்டு முல்ஹவுஸ் நகரில் யோசுவா ஹைல்மன் 1828இல் பூத்தையல் இயந்திரம் ஒன்றை அமைத்தார். சுவிட்சர்லாந்தில் ஐசக் குரோப்லி 1863இல் படகு வடிவ நாடாவைக் கொண்டு தைக்கும் இயந்திரத்தைக் கண்டார். புனித கால் என்னும் அயர்லாந்துத் துறவியின் பெயரைத் தாங்கிய சாங்க்ட் காலன் நகரம் அந்தப் பூத்தையலால் உலகப் புகழ் பெற்றது. குரோப்லியின் மகன் 1898இல் துளையிட்ட அட்டைகளைக் கொண்டு இயந்திரம் தானே தைக்கும்படி செய்தார். அட்டையில் துளையிடும் ஆளுக்குத் தனி மதிப்பு உண்டாயிற்று. ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் 1979இல் தொடங்கிய வில்காம் போன்ற நிறுவனங்கள் அந்தத் துளைகளைக் கணினிக்குள் கொண்டுவந்தன. ஆயினும் பெயர் மாறவில்லை: சூரத்திலும் திருப்பூரிலும் டிசைன் எழுதும் வேலையை இன்றும் 'பஞ்சிங்' என்றே சொல்கிறார்கள்.

இனி, நாங்கள் எழுதுவது என்ன என்பதைச் சொல்ல வேண்டும். பலரும் அதை ஒரு படம் என்று எண்ணுகிறார்கள். உண்மையில் அது ஊசிக்குரிய பயணக் குறிப்பு. இங்கே இறங்கு, வலப்பக்கம் இத்தனை தூரம் போ, மீண்டும் இறங்கு, இங்கே நின்று நூலை மாற்று என்று ஆயிரக்கணக்கான கட்டளைகள். ஜப்பானின் தஜிமா இயந்திரங்களுக்கென ஏற்பட்டு, இன்று பெரும்பாலான தொழில்முறை இயந்திரங்கள் ஏற்றுக்கொள்ளும் டி.எஸ்.டி. வகைக் கோப்பில் ஒவ்வொரு நகர்வும் 0.1 மில்லிமீட்டர் அலகில் எழுதப்படுகிறது. ஒரு நகர்வு 12.1 மில்லிமீட்டரைத் தாண்ட முடியாது. அந்தக் கோப்புக்கு நிறம் தெரியாது என்பது இன்னொரு வேடிக்கை. 'நூலை மாற்று' என்று மட்டுமே அதற்குச் சொல்லத் தெரியும். பச்சையா நீலமா என்பதை நாம்தான் தனித்தாளில் எழுதி அனுப்ப வேண்டும்.

தையல் வகைகள் மூன்றைக் கற்றால் பெரும்பாலான வேலை நடக்கும். ஒற்றை வரியாக ஓடும் தையல் கொடிக்கும் நரம்புக்கும். இப்பக்கமும் அப்பக்கமுமாக நெருங்கி விழுந்து பளபளக்கும் சேட்டின் தையல் இதழுக்கும் எழுத்துக்கும். அகன்ற பரப்பை வரிவரியாக நிரப்பும் தையல் மற்றதற்கு. சேட்டின் ஏழெட்டு மில்லிமீட்டருக்கு மேல் அகன்றால் வளையலில் மாட்டி இழுபடும். ஒரு மில்லிமீட்டருக்குக் கீழே குறுகினால் முடிச்சுப்போல் திரளும். வழக்கமான 40ஆம் நம்பர் நூலுக்கு வரிசைகளின் இடைவெளி ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டர் என்பது பொதுக்கணக்கு. அதாவது ஒரு சென்டிமீட்டரில் 25 வரிசை. ஆனால் பட்டுக்கும் பருத்திக்கும் வெல்வெட்டுக்கும் ஒரே கணக்குச் செல்லாது. துணியைப் பொறுத்துத்தான் கணக்கு.

துணியைத்தான் முதலில் படிக்க வேண்டும் என்று புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நாங்கள் சொல்கிறோம். தையல் விழ விழத் துணி தையலின் போக்கில் உள்ளிழுபடும். கணினியில் வட்டமாக வரைந்தது துணியில் முட்டை வடிவில் நிற்கும். எனவே வட்டத்தை வட்டமாகவே வரையலாகாது. இழுபடும் பக்கம் 0.2 முதல் 0.4 மில்லிமீட்டர் வரை கூட்டி வரைந்தால்தான் துணியில் வட்டம் கிடைக்கும். மேலே தெரியும் பூவுக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத அடித்தையல் ஒன்று தளர்வாக ஓட வேண்டும். அது துணியை அடியில் உள்ள கேன்வாஸோடு பிணைத்துப் பிடிக்கும். அடித்தையல் இல்லாத பூ முதல் நாள் அழகாகவே இருக்கும். மூன்றாம் துவைப்பில் சுருங்கும். வாங்குகிறவர் கண்ணுக்கு அது தெரிவதில்லை. மலிவான டிசைனில் முதலில் விட்டுவிடுவது இதைத்தான்.

எங்கள் முதல் டிசைன் மயில். ஊரின் பெயரிலேயே மயில் ஆடிக்கொண்டிருக்கும்போது வேறென்ன வரைவது? ரவிக்கையின் முதுகுக்குப் பொருந்தும் அளவில், 18,000 தையல் கொண்டதாக அதை எழுதினோம். நிமிடத்துக்கு 600 தையல் ஓடும் வீட்டு இயந்திரத்தில் தைக்க மட்டும் 30 நிமிடம். ஒவ்வொரு நிற மாற்றத்துக்கும் பொறியை நிறுத்தி, நூலைக் கோத்து, மீண்டும் ஓட்ட வேண்டும். ஒரே நீலத்தைக் கழுத்தில் ஒருமுறை, சிறகில் ஒருமுறை, கண்ணில் ஒருமுறை என்று கேட்டால் தைக்கிறவள் சலித்துவிடுவாள். ஊசி போகும் வழியைத் திரும்பத் திரும்ப ஒழுங்குபடுத்தி, 14 மாற்றங்களை 6 ஆக்கினோம். டிசைனின் அழகு தைத்த பின் எல்லாருக்கும் தெரியும். இந்த எட்டு நிறுத்தம் குறைந்தது தைத்தவளுக்கு மட்டுமே தெரியும். அவள்தான் அடுத்த டிசைனுக்கும் நம்மிடம் வருகிறவள்.

தோகையில்தான் நாங்கள் அதிக நாள் செலவிட்டோம். ரேயான் நூலுக்கும் பாலியெஸ்டர் நூலுக்கும் உள்ள மினுக்கம் வெளிச்சத்தின் கோணத்தைப் பொறுத்தது. ஒரே பச்சை நூலை ஓரிடத்தில் நெடுக்காகவும் அடுத்த இடத்தில் சாய்வாகவும் ஓடவிட்டால், இரண்டு பச்சையாகத் தெரியும். தோகையின் ஒவ்வோர் இழைக்கும் கோணத்தைச் சிறிது சிறிதாகத் திருப்பிக்கொண்டே போனால், அணிந்தவள் நடக்கும்போது மயில் அசைவதுபோல் தோன்றும். நூலின் செலவு கூடுவதில்லை, எண்ணம்தான் செலவாகிறது. மூல வைகைக் கரையோரத் தோப்புகளில் காலையில் மயில்கள் மேயும். அவற்றைப் பார்த்துப் பார்த்துத் திருத்தினோம். உண்மையான மயிலின் கழுத்து நீலம் எந்த நூற்கண்டிலும் இல்லை என்பதையும் அப்போது அறிந்தோம்.

"மயில் முருகனுடையதாயிற்றே, நீங்கள் எப்படி?" என்று கேட்டவர்களும் உண்டு. ரவிக்கைக்கு வாங்கும் எங்கள் இந்துச் சகோதரிகள் அப்படித்தான் வாங்குகிறார்கள், மகிழ்ச்சியே. ஆனால் தொடக்கக் காலக் கிறித்தவர்கள் உரோமை நகரின் நிலத்தடிக் கல்லறைகளில் மயிலை வரைந்தார்கள், அழியா வாழ்வின் அடையாளமாக. மயிலின் இறைச்சி அழுகுவதில்லை என்ற பழைய நம்பிக்கையை, கார்த்தேஜில் தாம் நேரில் சோதித்துப் பார்த்ததாகப் புனித அகுஸ்தினார் தமது 'கடவுளின் நகரம்' நூலின் 21ஆம் பகுதியில் எழுதுகிறார். எனவே பாஸ்கா காலத்துப் பீட விரிப்புக்கு இரண்டு மயில்கள் ஒரு கிண்ணத்தின் இருபுறமும் நிற்பதாக நாங்கள் எழுதிய டிசைன் புதுமையன்று. பழையதை நாம் மறந்திருந்தோம், அவ்வளவே.

திருவுடைகளைப் பற்றி ஒரு கருத்தை இங்கே சொல்லத் துணிகிறோம். விடுதலைப் பயண நூலின் 35ஆம் அதிகாரத்தில், பெட்சலேல், ஒகோலியாபு என்னும் இருவருக்கும் பூப்பின்னல் வேலையின் ஞானத்தை ஆண்டவர் தந்தார் என்றும், பிறருக்குக் கற்பிக்கும் ஆற்றலையும் சேர்த்தே தந்தார் என்றும் வாசிக்கிறோம். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டு, திருவுடைகளில் ஆடம்பரத்தைவிட மாண்புள்ள அழகையே நாட வேண்டும் என்கிறது. நம் ஊர்களில் நடப்பதென்ன? பொன்னூலால் நெஞ்சு முழுதும் நிரப்பி, பலகைபோல் விறைத்த உடையைக் குருவானவருக்கு அணிவித்துச் சித்திரை வெயிலில் நிற்க வைக்கிறோம். கொடியேற்றம் முடிவதற்குள் அவர் படும் பாட்டைப் பார்த்தவர்கள் அறிவார்கள். நாங்கள் எழுதும் திருவுடை டிசைன்களில் நிரப்பலைக் குறைத்து, கோடுகளையும் வெற்றிடத்தையும் நம்புகிறோம். தையல் எண்ணிக்கை பாதியானால் நூலும் பாதி, நேரமும் பாதி, வியர்வையும் பாதி. தையல் எண்ணிக்கையைப் பார்த்து விலை பேசுகிறவர்களுக்கு மட்டும் இது பிடிப்பதில்லை.

தமிழ் எழுத்துகள் தனிக்கதை. வெளிநாட்டு மென்பொருள்களில் ஆங்கில எழுத்துகள் வகை வகையாகத் தைப்பதற்கு ஆயத்தமாகக் கிடைக்கின்றன. தமிழுக்கு அவ்வாறு கிடைப்பது அரிது. இதையே எங்கள் வாய்ப்பாகக் கண்டோம். வேளாங்கண்ணிக்கு நடைபயணம் போகிறவர்கள் ஆகஸ்டு 29 கொடியேற்றத்துக்கு முன்பே உடைகளில் 'மரியே வாழ்க' என்று தைத்துக்கொள்ள விரும்புவார்கள். இந்த இரண்டே சொற்களில் எத்தனை கண்ணிகள்! 'வாழ்க'வில் உள்ள புள்ளி சிறுத்துவிட்டால் நூலுக்குள் மறைந்து, 'வாழக' ஆகிவிடும். 'ழ'வின் சுழி அடைபட்டால் அது எழுத்தே அன்று. 'யே'யின் கொம்பிலுள்ள மேற்சுழி மூடிக்கொண்டால் 'மரியெ' என்று நிற்கும். குறிலுக்கும் நெடிலுக்கும் கொம்பை வேறுபடுத்தித் தமிழுக்குத் தந்தவர் நம் வீரமாமுனிவர் (1680–1747). அவர் பிரித்ததை ஓர் ஊசி சேர்த்துவிடலாகாதல்லவா? எனவே எழுத்துகளின் சுழிகளை அச்சில் இருப்பதைவிடச் சற்று அகலத் திறந்து, புள்ளியை ஒன்றரை மில்லிமீட்டருக்குக் குறையாமல் வைத்து, ஒவ்வோர் எழுத்தையும் தனித்தனியே எழுதினோம். உயிரும் மெய்யும் உயிர்மெய்யுமாக முடிக்கப் பல மாதங்கள் ஆயின. இன்று எங்களிடம் அதிகம் விலைபோவது மயிலன்று, இந்த எழுத்துகள்தாம்.

தொடங்க விரும்பும் சகோதரி எதை வாங்க வேண்டும்? கணினி ஒன்று வேண்டும். பழையதாக இருந்தாலும் போதும். விலையுயர்ந்த மென்பொருளை முதல் நாளே வாங்கத் தேவையில்லை. இங்க்ஸ்டிச் என்னும் மென்பொருள் இங்க்ஸ்கேப் என்னும் வரைகலை மென்பொருளோடு இணைந்து இயங்குவது, இரண்டும் இலவசம். அதில் ஆறு மாதம் பழகிய பின், தேவையானால் விலையுள்ளதை எண்ணலாம். ஆனால் தைத்துப் பார்க்க இயந்திரம் ஒன்று எட்டும் தூரத்தில் இருந்தே ஆக வேண்டும். சொந்தமாக இல்லாவிட்டால், இருக்கும் வீட்டில் மணிக்கணக்கில் வாடகை பேசிக்கொள்ளலாம். தைத்துப் பார்க்காத டிசைனை விற்பது, சுவைத்துப் பார்க்காத குழம்பைப் பந்தியில் பரிமாறுவதைப் போன்றது. பருத்தி, பட்டு, பாலியெஸ்டர் ஆகிய மூன்றிலும் தைத்துப் பார்த்த பிறகே விலைக்கு விடுவது என்பது எங்கள் நால்வருக்குள் உள்ள உடன்பாடு.

விற்பனைக்குப் போகும் பொட்டலத்தில் கோப்பு மட்டும் இருந்தால் போதாது. ஜானோமி, பிரதர் என்று ஒவ்வோர் இயந்திரமும் ஒவ்வொரு வகைக் கோப்பைக் கேட்கும். அவற்றுக்கேற்ப மாற்றித் தர வேண்டும். அளவு, தையல் எண்ணிக்கை, நிற வரிசை, எந்தத் துணிக்கு எந்தக் கேன்வாஸ் என்ற குறிப்பு, துணியில் உண்மையாகத் தைத்து எடுத்த புகைப்படம் ஆகியவற்றையும் சேர்க்கிறோம். பத்து விழுக்காட்டுக்கு மேல் பெரிதாக்கவோ சிறிதாக்கவோ வேண்டாம் என்றும் எழுதுகிறோம். பெரிதாக்கினால் இடைவெளி விழும். சிறிதாக்கினால் தையல் நெருங்கி ஊசி முறியும். பழி டிசைன் எழுதியவள் தலையில் வந்து விழும்.

விற்கும் வழிகள் இரண்டு. ஒருவர் கேட்டதை அவருக்கென்று எழுதித் தருவது ஒன்று. இதற்கு ஆயிரம் தையலுக்கு இவ்வளவு என்று கூலி பேசுவது வழக்கம். இதுவும் ஒருவகையில் பழைய கைக்கூலியே. நாமே எழுதி வைத்து, வேண்டுகிறவர்கள் எல்லாருக்கும் சிறு விலைக்கு விற்பது மற்றொன்று. எட்ஸி என்னும் அமெரிக்க இணையச் சந்தை 2005இல் தொடங்கப்பட்டது. அங்கே ஒரு டிசைனை நான்கு மாதம் பட்டியலில் வைக்க 20 சென்ட் கட்டணம், விற்றால் 6.5 விழுக்காடு கழிவு. உள்ளூரில் எங்களுக்குப் பெரும்பாலும் வாட்ஸப் வழியாகவே வேண்டுகோள் வருகிறது. முதல் வகை வீட்டு அடுப்பை எரிய வைத்தது. இரண்டாம் வகையை நம்பி மட்டும் உட்கார்ந்திருந்தால் இலவு காத்த கிளியின் கதைதான். இலவ மரத்தடியில் வாழும் எங்களுக்கு அந்தப் பழமொழியை எவரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் இரண்டாம் வகைக்கு ஒரு சிறப்பு உண்டு. எங்களில் ஒருத்தி பிள்ளைப்பேற்றுக்காகத் தாய்வீடு போயிருந்த மூன்று மாதத்திலும் அவள் எழுதிய எழுத்துகள் விற்றன. பங்குப் பணம் அவளுக்குப் போய்ச் சேர்ந்தது. கூலித் தையலில் அவளுக்கு அது கிடைத்திருக்காது.

இனி, எங்கள் மனத்தைக் கலக்கிய செய்திக்கு வருகிறோம். வேறு மாவட்டத்துக் கடையொன்றில் எங்கள் மயிலைக் கண்டோம். எங்களுடையதுதான் என்பதில் ஐயமில்லை. கழுத்து வளையும் இடத்தில் நாங்கள் அடையாளமாக வைத்த ஒற்றை ஓட்டத் தையல் அப்படியே இருந்தது. கடைக்காரரிடம் கேட்டோம். ஆயிரக்கணக்கான டிசைன்கள் அடங்கிய பென்டிரைவ் ஒன்றை மலிவாக வாங்கியதாகவும், அதில் இதுவும் இருந்ததாகவும் சொன்னார். "எது யாருடையது என்று எனக்கு எப்படியம்மா தெரியும்?" என்றார். அவர் கேட்டதும் நியாயமே. எங்களிடம் வாங்கிய ஒருவர் பிறருக்குக் கொடுத்து, அவர் மற்றொருவருக்கு விற்று, எங்கோ ஒரு பென்டிரைவில் போய்ச் சேர்ந்திருக்கிறது. அதைவிட வருத்தம், அத்தகைய பென்டிரைவ் எங்கள் பக்கத்திலேயே, ஞாயிறு தவறாமல் திருப்பலிக்கு வரும் வீடுகளிலும் இருக்கிறது என்பது. பிறர் தோப்பில் ஒரு தேங்காயைத் தொடாதவர்கள் இதைக் களவு என்று எண்ணுவதில்லை. எடுத்த பின்னும் உரியவரிடம் பொருள் இருக்கத்தானே செய்கிறது என்கிறார்கள். பொருள் இருக்கிறது, அதற்குரிய கூலி போய்விட்டதே! ஏழாம் கட்டளை தேங்காயோடு நின்றுவிடுகிறதா?

சட்டம் உண்டு, ஆனால் முழுக் கவசமாகாது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவை ஒவ்வொரு டிசைன்காரியும் அறிந்திருக்க வேண்டும். வடிவமைப்பாகப் பதிவு செய்யத்தக்க ஒன்றைப் பதிவு செய்யாமல் விட்டு, உரிமையாளரோ அவர் அனுமதி பெற்றவரோ அதைத் தொழில்முறையில் 50 தடவைக்கு மேல் பொருள்களில் ஆக்கிவிட்டால், பதிப்புரிமை அற்றுப்போகும். 2000ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டத்தின்படி பதிவு செய்தால் 10 ஆண்டும், நீட்டித்தால் மேலும் 5 ஆண்டும் காப்பு உண்டு. ஆனால் வெளியே விடுவதற்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். எல்லாப் பூவுக்கும் இதைச் செய்ய இயலாது. தேர்ந்தெடுத்த சிலவற்றுக்குச் செய்யலாம்.

இதே அளவுகோல் நமக்கும் உண்டு. இன்றைய ஓவியர் ஒருவர் வரைந்த மாதா படத்தைக் கணினியில் போட்டுத் தையலாக மாற்றினால் அது நம் டிசைன் ஆகாது; நம் நாட்டில் ஓவியர் இறந்து 60 ஆண்டுகள் வரை உரிமை அவர் வழியினருடையது. நீலகிரித் தோடர்களின் கருப்பு சிவப்புப் பூத்தையல் 2013இல் புவிசார் குறியீடு பெற்றது. அது அம்மக்களின் சொத்து. அதை இயந்திரத்தில் போட்டுத் தோடர் வேலை என்று விற்கும்படி ஒரு வியாபாரி கேட்டார். நல்ல தொகைதான். மறுத்துவிட்டோம்.

மற்றொரு தொல்லை, சொல்லக் கூச்சமாயினும் சொல்ல வேண்டியது. "கோவிலுக்குத்தானே அக்கா, சும்மா அனுப்பிவிடுங்கள்" என்ற குரல். கொடையாகப் பெற்றதைக் கொடையாகவே வழங்குமாறு தம் சீடருக்குச் சொன்ன அதே ஆண்டவர்தான், வேலையாளுக்குக் கூலி உரியது என்றும் சொன்னார். இரண்டையும் சேர்த்துப் பிடிப்பது எளிதன்று. எங்கள் பங்கின் புதுநன்மைப் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் ஒரு டிசைனைக் காணிக்கையாகத் தருகிறோம். அது எங்கள் விருப்பம். ஆனால் திருவிழாக் குழுவின் பெயரைச் சொல்லி வாங்கிப் போய்க் கடையில் விற்பவரும் உண்டு. பட்டாசுக்கும் ஒலிபெருக்கிக்கும் உடனே பணம் எண்ணிக் கொடுக்கும் குழு, பெண்கள் கணினியில் அமர்ந்து செய்த வேலைக்கு மட்டும் காணிக்கை என்று பெயர் வைப்பது எங்களுக்கு உடன்பாடில்லை. உழைப்பின் மதிப்பை உழைக்கும் மனிதரிடமிருந்து அளக்க வேண்டும் என்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் தமது 1981ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் விளக்கியிருக்கிறார். அதைப் பங்குப் பேரவைக் கூட்டத்தில் ஒருமுறை எடுத்துச் சொன்னோம். சிலர் சிரித்தார்கள், இருவர் மறுவாரம் பணம் கொண்டுவந்து தந்தார்கள்.

இப்போது கையிலிருப்பது திராட்சைக் கொடி. மேற்கே, மலைக்கு அப்பால் கம்பம் பள்ளத்தாக்கில் விளையும் பன்னீர்த் திராட்சை 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. 1832இல் பிரெஞ்சுக் குருவானவர் ஒருவர் அதைத் தமிழகத்துக்குக் கொண்டுவந்ததாகச் சொல்கிறார்கள். திருவிழாவுக்காக இராயப்பன்பட்டிப் பக்கம் போகும்போதெல்லாம் அத்தோட்டங்களைப் பார்த்து வந்திருக்கிறோம். திருவுடைகளில் நாம் காணும் கொடியோ ஐரோப்பாவிலிருந்து வந்த படம்: கம்பைப் பற்றி நிமிர்ந்து நிற்கும், இலை சிறுத்திருக்கும். நம் பள்ளத்தாக்கில் கொடி பந்தலில் படர்கிறது. குலைகள் தலைக்கு மேலே தொங்குகின்றன. எனவே தோளில் பந்தலாகத் தொடங்கி, குலைகள் மார்பை நோக்கி இறங்கும்படி வரைந்திருக்கிறோம். ஒவ்வொரு கனிக்கும் தையலின் கோணத்தைத் திருப்பியதில், ஒரே கருநீல நூலில் பழம் உருண்டு தெரிகிறது. காம்பு சேரும் இடத்தில் மட்டும் தையல் இன்னும் நெருக்கமாக இருக்கிறது. பருத்தியிலும் பாலியெஸ்டரிலும் தைத்துப் பார்த்தாயிற்று. பட்டில் தைக்க வேண்டியது பாக்கி.